ஆறு எல்லை வீடு

திருவண்ணாமலை டெலிபோன் எக்சேஞ்சில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிற வேதாவின் குரல் தெரியாத வியாபாரி ஊரில் கிடையாது. முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்காரர், இரும்புக் கடைக்காரர், லாரி ஆபீஸ்காரர் யாராக இருந்தாலும் ரிசீவரை எடுத்ததும், "வேதாம்மா டூட்டியா? அப்ப பம்பாய் கெடைச்சிரும்" என்று தைரியமாக டிரங்க் கால் புக் செய்வார்கள். லைன் கிடைக்காவிட்டால் மற்ற ஆபரேட்டர்கள் இரண்டு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். வேதா விடமாட்டாள். வேலூர் வழி அடைத்திருந்தால் விழுப்புரம் வழி, அதுவும் இல்லையென்றால் மெட்ராஸ் என்று எங்கெங்கோ சுற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள்.

ஊரையே பம்பாயோடும் கல்கத்தாவோடும் பேச வைத்தவள் குடியிருந்தது ஒரே ஒரு அறையில். ஐந்து குடித்தனங்கள் இருந்த வளவில் நீளவாக்கில் ஒரு ரூம். அதன் மூலையிலேயே சமையல். கணவன் பரசுராமன் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். இரண்டு பெண் பிள்ளைகள். படுக்கையைச் சுருட்டி டிரங்குப் பெட்டி மேல் ஏற்றினால்தான் தட்டு வைக்க இடம் கிடைக்கும். கக்கூஸ் ஐந்து குடும்பத்துக்கும் ஒன்று. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டிய நாட்களில் வேதா நாலரைக்கே தண்ணீர் வாளியோடு வரிசையில் நிற்பாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. 1983-இல் பெரிய பெண்ணுக்குப் பதிமூன்று வயது முடிந்தது. அவள் துணி மாற்ற வேண்டுமென்றால் பரசுராமன் எழுந்து வெளியே போய்த் தெருவில் நிற்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். ஒருநாள் வளவுக்காரர் ஒருவர், "இன்னா மாஸ்டர், மறுபடியும் வெளில தள்ளிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பரசுராமனும் சேர்ந்து சிரித்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்பு வேங்கிக்கால் பக்கம் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றை வேதா தவணை கட்டி வாங்கியிருந்தாள். அந்த மனையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அவளுடைய அப்பா இராமலிங்கம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மல்லாட்டையும் நெல்லும் போடுகிறவர். நாலைந்து மனைகளில் நடந்து பார்த்து, ஒன்றில் மட்டும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி, கசக்கி, மோந்து பார்த்து, "இத வாங்கு" என்றார். ஆனால் அங்கே தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, காலை ஷிஃப்டுக்கு பஸ்ஸும் இல்லை. சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி, செங்கல் அடுக்கி, சுவர் எழுப்புவதற்குள் இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போய்விடுவார்கள் என்று வேதாவுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மாலை பரசுராமன் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "வேதா, சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால குலாம் ரசூல் பாய் மூணு மாடி கட்டியிருக்காரே, அது வாடகைக்கு இல்லையாம். அடி வூடு அவருக்கு. மேல ரெண்டையும் தனித்தனியா விக்கறாராம்."

"மாடிய மட்டுமா? மாடிய எப்படிங்க விப்பாங்க?"

"மெட்ராஸ்ல அப்படித்தான் விக்கறாங்களாம். ஃபிளாட்டுன்னு பேரு."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து யூனிபாரம் சேலையோடே அவள் பரசுராமனுடன் பார்க்கப் போனாள். அந்தத் தெரு அவளுக்குப் புதிதல்ல. அங்கே இருக்கும் எட்டு டெலிபோன் நம்பர்களும் மனப்பாடம். ஆனால் நடந்து போனது அதுதான் முதல் தடவை. அடகுக் கடை சேட், பாத்திரக் கடை ஆசாரி, தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள், தெருமுனையில் ஒரு மாரியம்மன் கோயில், அதை ஒட்டி தெலுங்கு பேசும் பூக்காரர்கள். மிளகாய் அரைக்கும் மெஷினும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றாகக் கேட்டன.

குலாம் ரசூல் இரும்பு, சிமெண்ட் வியாபாரி. மருதாணிச் சாயம் பூசிய தாடி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பரசுராமனிடம் கையை விரித்தார்.

"லேட்டா வந்துட்டீங்களே மாஸ்டர். எண்ணெய் மில்லு தசரதன் ரெண்டு மாடியும் சேத்துக் கேட்டுகினு இருக்காரு. தீபத்துக்கு வர்ற ஜனத்துக்கு லாட்ஜ் போடப் போறாராம். ஏறக்குறைய பேசி முடிஞ்சாப்லதான்."

பார்த்துவிட்டாவது போகலாமே என்று பரசுராமன் சாவி கேட்டு வாங்கினார்.

நடு மாடிக் கதவைத் திறந்ததும் வேதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இருபத்து நாலு அடி ஹால். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேச வேண்டுமென்றால் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டும். தரை முழுக்க மொசைக், பாலிஷ் போட்ட ஈரம் இன்னும் காயவில்லை. ஹாலுக்கு இரண்டு பக்கமுமாக மூன்று அறைகள், மூன்றுக்கும் கதவு, மூன்று கதவுக்கும் உள்தாழ்ப்பாள். சமையலறையில் கடப்பாக் கல் மேடை, அதற்கு நேராக ஜன்னல். வீட்டுக்கு உள்ளேயே கக்கூஸ், குளிக்கிற அறை. தெருப் பக்கம் ஒரு பால்கனி. வேதா ஒவ்வொரு அறைக்கும் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தாள். கடைசி அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றாள். பரசுராமன் வெளியிலிருந்து, "இன்னா வேதா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று திறந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

கீழே வந்து சாவியைக் கொடுக்கும்போதுதான் அவள் குலாம் ரசூலிடம் முதல் தடவையாக வாய் திறந்தாள். "ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க பாய். ஜன்னல் வச்ச எடமெல்லாம் பாத்துப் பாத்து வச்சிருக்கீங்க. வர்றோம்."

வீட்டுக்குள்ளிருந்து திரையை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வேகமாக வந்தார். குலாம் ரசூலின் மனைவி ரசியா பேகம்.

"இரும்மா. நீங்க எக்சேஞ்சு அம்மாதானே?"

"ஆமாங்க பாயம்மா."

"நெனச்சேன். இந்தக் கொரலு எனக்குத் தெரியாதா!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு முன்பு அவர்கள் மகன் ரியாசுதீனுக்கு பம்பாயில் அவசர ஆபரேஷன். போட்ட டிரங்க் கால் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் பாதியில் அறுந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை ஒரே குரல்தான் திரும்பத் திரும்ப வந்து, 'வைக்காதீங்க, பாத்துகினு இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் பம்பாய் ஆஸ்பத்திரி கிடைத்து, மகனின் குரல் கேட்டபோது, தன்னால் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டதையும், 'அம்மா, அப்புறம் அழுவலாம், லைன் இருக்கும்போதே பேசுங்க' என்று அதே குரல் அதட்டியதையும் ரசியா பேகம் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். "உங்க டூட்டி நாலு மணிக்கே முடிஞ்சிடுச்சாமே. பின்னாடிதான் சொன்னாங்க."

வேதா யோசித்துப் பார்த்தாள். அப்படி எத்தனையோ கால்கள். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "எனக்கு ஞாபகமே இல்ல பாயம்மா."

"உங்களுக்கு அது வேலைம்மா. எனக்கு அது எம் புள்ள."

பிறகு ரசியா பேகம் கணவர் பக்கம் திரும்பி உருதுவில் ஏதோ படபடவென்று சொன்னார். குலாம் ரசூல் தாடியைத் தடவினார். அவர் பதில் சொல்வதற்குள் அம்மாள் தமிழுக்கு வந்துவிட்டார், எல்லோருக்கும் புரியட்டும் என்பதைப்போல. "என் தலைக்கு மேல லாட்ஜ் வேணாம். தெனம் ஒரு ஆளு, தெனம் ஒரு செருப்புச் சத்தம். நான் எப்படிக் கொல்லையில நிக்கறது? குடும்பம் வந்தா குடுங்க. இல்லாட்டி பூட்டி வைங்க."

குலாம் ரசூல் வேதாவைப் பார்த்தார். "அவரு சொன்ன வெலை கொஞ்சம் ஜாஸ்தி. உங்களால ஆவுமா?"

"அதே வெலைய நானும் தர்றேன் பாய். எக்சேஞ்சுல செஞ்சதுக்குக் கவர்மெண்டு சம்பளம் குடுத்திருச்சு. அதுக்காக வெலைய கம்மி பண்ண வேணாம். ஆனா பத்திரம் என் பேர்ல ஆவணும்."

கடைசி வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பரசுராமனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்போதுதான் யாரோ தன்னைப் பாராட்டியதுபோல முகம் மலர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

வேங்கிக்கால் மனையை விற்றார்கள். தாலியும் கம்மலும் போக மற்ற நகைகளையும் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு இரண்டு பேரும் பி.எஃப். கடனுக்கு எழுதிப் போட்டார்கள். எல்லாம் முடிவான பிறகு, அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டுமென்று வேதா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போனாள். இராமலிங்கம் பம்புசெட்டுப் பக்கத்தில் வாய்க்கால் மடை மாற்றிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அடில யாரு?"

"குலாம் ரசூல் பாய், நைனா. வூட்டுக்காரரு."

"மேல?"

"மிஷன் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தரு பேசியிருக்காரு. கிறிஸ்தவங்க."

"நடுவுல நீ."

"ஆமா நைனா."

"அவங்க யாரா வேணா இருக்கட்டும். நான் அதக் கேக்கல. உனக்கு மண்ணு எங்க?"

வேதா குனிந்து, காலில் ஒட்டியிருந்த வாய்க்கால் சேற்றைப் பார்த்தாள்.

"காலு ஊனறதுக்கு ஒரு சாண் மண்ணு இருக்குதா உனக்கு? அடி வூட்டுக்காரன் நாளைக்கு இடிச்சுக் கட்டறேன்னு சொன்னா நீ எங்க நிப்ப, ஆகாசத்திலயா? நான் மோந்து பாத்து வாங்கிக் குடுத்த மண்ண வித்துட்டு, காத்த வாங்கிகினு வந்திருக்க." மண்வெட்டியை எடுத்து மடையைச் சாத்தினார். "வூடு குடி போறப்ப உங்கம்மாவ அனுப்பறேன். நான் வரல."

ஊரில் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்தப்பா மகன் ஒருவன், "அந்தரத்துல வூடு வாங்கியிருக்கியாமே அக்கா!" என்று கேட்டான். வேதாவுக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை. அப்பா கேட்டது வீம்புக்குக் கேட்ட கேள்வி அல்ல, நியாயமான கேள்வி என்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளுக்குப் புரிந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் பத்திரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வீடே வேண்டாம்.

பத்திரம் எழுதுகிற காசி, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக மேஜை போட்டிருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"நெலம் எழுதச் சொல்லுங்க, கெணறு எழுதச் சொல்லுங்க, மனை எழுதச் சொல்லுங்க. நாலு எல்லை சொன்னா எழுதிடுவேன். மாடிக்கு எல்லை எப்படிம்மா எழுதறது? கெழக்கே காத்து, மேக்கே காத்துன்னா? சப்-ரிஜிஸ்திரார் என் மூஞ்சிலயே வீசுவாரு."

"மெட்ராஸ்ல எழுதறாங்களே, ஐயா."

"அப்ப மெட்ராஸ்ல இருந்து ஒரு மாதிரி வாங்கியாங்க. பாத்து எழுதித் தர்றேன்."

மெட்ராஸில் வேதாவுக்கு ஒரே ஒரு ஆளைத் தெரியும். டிரங்க் போர்டில் எதிர்ப்பக்கம் இருக்கும் சரோஜா. எட்டு வருஷமாகத் தினமும் பேசுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. 'மெட்ராஸ்', 'திருணாமலை' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சரோஜாவின் அண்ணன் அண்ணாநகரில் ஃபிளாட் வாங்கியிருப்பதாக எப்போதோ சொன்னது வேதாவுக்கு நினைவிருந்தது. லைன் சும்மா இருந்த ஒரு நிமிஷத்தில் கேட்டாள்.

"பத்திரம் அண்ணன்கிட்டதான் இருக்கு. தபால்ல அனுப்ப ஒத்துக்க மாட்டார். வேணும்னா நான் படிக்கிறேன், எழுதிக்கிறியா திருணாமலை?"

தன் போர்டில் ஒரு வயரைச் செருகினால் போதும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வேதா அதைச் செய்யவில்லை. தன்னுடைய வார லீவு நாளில் எக்சேஞ்சின் முன்பக்கம், பொதுஜனங்களோடு வரிசையில் நின்று, காசு கட்டி, சரோஜாவின் அண்ணன் ஆபீஸ் நம்பருக்கு ஆர்டினரி கால் புக் செய்தாள். உள்ளே டூட்டியில் இருந்தவள் சிரித்துவிட்டாள். "அக்கா, உங்களுக்கே டிக்கெட்டா?" "போடு, போடு" என்றாள் வேதா. மூன்று லீவு நாட்கள், மூன்று கால்கள். பூத்துக்குள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெண்ணின் ரஃப் நோட்டில் அவள் எழுத, அண்ணன் ஆபீசுக்கு வந்திருந்த சரோஜா நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"மேற்படி மனையில் பிரிபடாத மூன்றில் ஒரு பாகமும்..."

"இரு மெட்ராஸ். பிரிபடாதன்னா?"

"கோடு போட்டுப் பிரிக்க முடியாதுன்னு அர்த்தம். எந்த எடம்னு காட்ட முடியாது. ஆனா மூணுல ஒண்ணு உன்னோடது. யாரும் இடிக்கணும்னாலும் நீ கையெழுத்துப் போடணும்."

வேதா அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டாள்.

குலாம் ரசூல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நியாயந்தானே, எழுதிக்குங்க" என்றார். பரசுராமன் நாலு இரவு உட்கார்ந்து மூன்று மாடிகளையும் இந்தியன் இங்க்கில் பிளான் வரைந்தார். நடு மாடிக்கு மட்டும் இளஞ்சிவப்பு வண்ணம் தீட்டினார். அதைப் பார்த்ததும் காசிக்கே உற்சாகம் வந்துவிட்டது. புதுப் பேனா எடுத்து எழுத ஆரம்பித்தார். கிழக்கே தெரு, மேற்கே ஆசாரி வீட்டுக் கொல்லை, வடக்கே சேட்டு கட்டடம், தெற்கே பொதுச் சந்து. அங்கே நின்றார். நோட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாக, வார்த்தையைச் சுவைத்துக்கொண்டு எழுதினார்: மேலே, வாத்தியார் வீட்டுத் தரை. கீழே, குலாம் ரசூல் வீட்டுக் கூரை.

1984 தை மாதம் பதிவு. சப்-ரிஜிஸ்திரார் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"என்ன காசி, எல்லை ஆறு இருக்கு?"

"வூட்டுக்கு ஆறு பக்கங்க ஐயா. இத்தன நாளா நாமதான் நாலோட நிறுத்திகினு இருந்தோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. பிளானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யார் வரைஞ்சது?" என்று கேட்டு, பரசுராமனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எழுதி வாங்கறவங்க யார்? முன்னால வாங்க" என்றார்.

இரண்டு ஆண்களுக்கு நடுவிலிருந்து வேதா முன்னால் வந்தாள். அந்த அறையில் அன்றைக்குப் பெண் என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, கையெழுத்துப் போட்டாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். மேல் மாடி வாத்தியார் வீட்டில் படிக்கட்டு முழுக்கக் கோலம் போட்டிருந்தார்கள். ரசியா பேகம் ஒரு பெரிய தட்டில் சர்க்கரையும் வாழைப்பழமும் மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு வந்தார். சேட்டு வீட்டுப் பெண்கள் வந்து ஜன்னல் திரை எந்த நிறம் போடலாம் என்று அவர்களுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டுப் போனார்கள். பெரிய பெண் தனக்கென்று கொடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பரசுராமன் ஹாலில் உட்கார்ந்து, வெளியே போக வேண்டிய அவசியமில்லாமல், பேப்பர் படித்தார்.

அம்மா பச்சையம்மாள் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. வீட்டைச் சுற்றிப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வேதாவைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்: "உங்க நைனாவும் வந்திருக்காரு. எதிர்ல டீக்கடையாண்ட ஒக்காந்துகினு இருக்காரு. மேல ஏற மாட்டாராம்."

வேதா பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் கொம்பு. இராமலிங்கம் தலையை அண்ணாந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாடியில் எது மகளுடையது என்று தேடுவதுபோல் இருந்தது.

அவள் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்தாள். பட்டுப் புடவையோடு படியிறங்கித் தெருவைத் தாண்டி அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் திகைத்துப்போய் பாய்லரைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"உங்களை மேல கூப்பிட வரல நைனா. அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்க. அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. வேதா படிக்க ஆரம்பித்தாள். டிரங்க் போர்டில் பேசுகிற அதே நிதானம், அதே தெளிவு.

"கீழ்பென்னாத்தூர் வட்டாரம், விவசாயம், இராமலிங்கம் அவர்கள் குமாரத்தியும், பரசுராமன் அவர்கள் மனைவியுமான வேதாவுக்கு..."

"நில்லு. எம் பேரு எதுக்கு அதுல?"

"நான் யாரு பொண்ணுன்னு எழுத வேணாமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேல படி."

அவள் படித்தாள். மனையின் அளவு, சர்வே நம்பர், பிறகு அந்த வரி. "மேற்படி மனையில் பிரிபடாத மூன்றில் ஒரு பாகமும்..."

"இரு. மூணுல ஒண்ணா? மண்ணுலயா?"

"மண்ணுலதான் நைனா. எந்தப் பக்கம்னு கோடு கெடையாது. ஆனா என்னோடது. நான் கையெழுத்துப் போடாம யாரும் ஒரு கல்ல பேக்க முடியாது."

இராமலிங்கம் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப நம்ம கெணத்துப் பங்கு மாதிரியா?"

அந்த ஒப்பீடு வேதாவுக்கே தோன்றியிருக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கும் பொதுவில் ஒரே கிணறு. மூன்றில் ஒரு பங்கு என்று ஒவ்வொருவர் பத்திரத்திலும் எழுதியிருக்கிறது. இந்தத் தண்ணீர் என்னுடையது, அந்தத் தண்ணீர் உன்னுடையது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. அந்தப் பங்கை நம்பித்தான் அவர் நாற்பது வருஷம் வெள்ளாமை செய்திருந்தார்.

"அப்படியேதான் நைனா."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது. நீங்க கேட்டதாலதான் கண்டுபிடிச்சேன்."

அவர் கொம்பை ஊன்றி எழுந்தார். தெருவைத் தாண்டி, படிக்கட்டில் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஏறினார். ஹாலுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல், வயலில் அளக்கிற மாதிரி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எட்டு வைத்து நடந்தார். திரும்பி வந்தார். அகலத்தையும் நடந்து பார்த்தார். நடு ஹாலில் நின்று, தரை தாங்குமா என்று பார்க்க, கொம்பால் ஓங்கி நாலு குத்துக் குத்தினார்.

அடுத்த நிமிஷம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். குலாம் ரசூல் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா ஆச்சு? எதனா விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழல பாய். எங்க நைனா. தரையச் சோதிக்கறாரு."

குலாம் ரசூல் அவரையும் கொம்பையும் பார்த்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெரியவரே, இன்னும் நாலு குத்து குத்துங்க. பன்னெண்டு எம்.எம். கம்பி போட்டிருக்கேன். என் கடைச் சரக்கு. நீங்க மாட்டக் கொண்டாந்து கட்டினாலும் தாங்கும்."

"மாட்ட எதுக்குக் கட்டப் போறேன்?" என்றார் இராமலிங்கம். "எம் பொண்ணு இருக்கப் போற எடம். பாக்க வேணாமா?"

"பாக்கணும், பாக்கணும். எனக்கும் பொண்ணு இருக்குதே."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பச்சையம்மாள் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்து மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டே, இந்த வருஷம் மழை எப்படி, கம்பி விலை எப்படி என்று பேச ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது இராமலிங்கம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. படியிறங்கியவர் பாதியில் நின்று, "அந்தப் பத்திரத்த ஒரு காப்பி எடுத்துக் குடு. ஊர்ல படிச்சவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டக் காட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழிந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து வேதா வீட்டுக்கு வந்தாள். படிக்கட்டின் கீழே பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்புகள். அடி வீட்டு வாசலில் நின்றிருந்த ரசியா பேகம், "உங்க ஊர்லருந்து ஒரு பஸ்ஸே வந்திருக்குதும்மா. டீ கம்மியா இருந்தா சொல்லுங்க, நான் போடறேன்" என்றார்.

மேலே போனால் ஹால் நிறைய ஊர்க்காரர்கள். கீழ்பென்னாத்தூர்ச் சந்தைக்கு வந்தவர்களை அப்படியே பஸ் ஏற்றி அழைத்து வந்திருந்தார் இராமலிங்கம். அன்றைக்கு அந்தரத்து வீடு என்று கேலி செய்த சித்தப்பா மகனும் மொசைக் தரையில் கால் கூசிக்கொண்டு நின்றிருந்தான். இராமலிங்கம் குழாயைத் திறந்து காட்டினார், மூடினார். தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார். ஜன்னல் கம்பியை ஆட்டிக் காட்டினார். "மேலயும் எல்லை இருக்குது, கீழயும் எல்லை இருக்குது. நம்ம ஊர்ல எவன் பத்திரத்திலயாவது ஆறு எல்லை இருக்குதா, சொல்லு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் மகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வழியில பாத்தேன், வந்துட்டாங்க" என்றார் தயங்கியபடி.

வேதா கைப்பையை ஆணியில் மாட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பால்கனிய யாருக்கும் காட்டலையே நைனா," என்றாள். "வாங்க எல்லாரும், நான் காட்டறேன்."